'போதும்' என்று சொன்ன துறவியர்: பெல்ஜிய மடங்களின் பீர் மரபும் உலகச் சந்தையும்

2005-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பீர் பிரியர்கள் கூடி மதிப்பெண் போடும் அமெரிக்க இணையதளம் ஒன்று, உலகிலேயே சிறந்த பீர் எது என்று அறிவித்தது. அதைத் தயாரித்தது பெரிய நிறுவனம் எதுவும் அன்று. பெல்ஜிய நாட்டின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதியில், வயல்களுக்கு நடுவே, வெஸ்ட்ஃப்ளெடரன் என்ற சிற்றூரில் உள்ள புனித சிக்ஸ்துஸ் துறவு மடம். முப்பதுக்கும் குறைவான துறவியர் வாழும் இல்லம் அது. செய்தி பரவியதும் மடத்து வாயிலில் கார்கள் வரிசைகட்டி நின்றன. இருந்ததெல்லாம் விற்றுத் தீர்ந்தது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? இன்னும் இரண்டு கொப்பரை வாங்கிப்போட்டு, பத்துப் பேரை வேலைக்கு வைத்திருப்போம். துறவியரோ, உற்பத்தியைக் கூட்டப்போவதில்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டார்கள். தாங்கள் வாழ்வதற்காகத்தான் பீர் தயாரிக்கிறோமே தவிர, பீர் தயாரிப்பதற்காக வாழவில்லை என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம்.

மறைமாவட்டப் பக்கத்தில் பீரைப் பற்றி என்ன சிந்தனை என்று நம்மில் சிலர் முகம் சுளிக்கலாம். அதில் நியாயம் உண்டு. மதுவால் சீரழிந்த குடும்பங்களின் கண்ணீரை நம் பங்குகளில் அன்றாடம் காண்கிறோம். துறவியர் தயாரிக்கிறார்கள் என்பதால் பீர் தீர்த்தம் ஆகிவிடாது. அந்தப் புகழ்பெற்ற வெஸ்ட்ஃப்ளெடரன் பீரில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் ஆல்கஹால் இருக்கிறது. எனவே இங்கே பீருக்குப் பரிந்துபேச நாம் வரவில்லை. ஓர் ஊரில், ஒரு குழுமத்தின் கைகளில் வளர்ந்த மரபு உலகச் சந்தையைச் சந்திக்கும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதே நம் கேள்வி. அந்தக் கேள்விக்கு இந்த மடங்களின் கதையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இந்தத் துறவியரை டிராப்பிஸ்ட் துறவியர் என்பர். 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் நார்மண்டியில் உள்ள லா டிராப் மடத்தில் தொடங்கிய சீர்திருத்தத்தின் வழிவந்தவர்கள்; கடும் ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் சிஸ்டெர்சியன் சபையினர். புனித ஆசீர்வாதப்பர், அதாவது புனித பெனடிக்ட், 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்குமுறையே அவர்களுக்குச் சட்டம். அதன் 48-ஆம் பிரிவு, தம் கைகளால் உழைத்து உண்பவர்களே உண்மைத் துறவிகள் என்ற கருத்தை வலியுறுத்துகிறது. திருத்தூதர் பவுல் தெசலோனிக்கருக்குக் காட்டிய அதே வழி. 40-ஆம் பிரிவு குடிப்பதைப் பற்றியது. துறவிகளுக்கு மது ஏற்றதல்ல என்றே அவர் கருதுகிறார். ஆனால் தம் காலத்துத் துறவிகள் அதை ஏற்கமாட்டார்கள் என்று மெல்லிய நகைச்சுவையோடு ஒப்புக்கொண்டு, நாளுக்கு ஒரு 'எமினா' திராட்சை இரசம் போதும் என்கிறார். எமினா என்பது ஏறக்குறைய கால் லிட்டர் என்பர்.

அதிகம் பேசப்படாத 57-ஆம் பிரிவுதான் நமக்கு இங்கே முக்கியம். மடத்தில் கைத்தொழில் தெரிந்தவர் தாழ்ச்சியோடு அதைச் செய்யட்டும். தன் திறமையால்தான் மடத்துக்கு வருவாய் என்று ஒருவர் செருக்குற்றால் அவரை அத்தொழிலிலிருந்தே விலக்கிவிட வேண்டும். விற்கும் பொருளுக்கு வெளியார் வைக்கும் விலையைவிடச் சற்றுக் குறைவாகவே வைக்க வேண்டும், பேராசை நுழையக்கூடாது. இன்றைய வணிகக் கல்லூரி எதிலும் இப்படிப் பாடம் சொல்ல மாட்டார்கள்!

ஏன் பீர்? இத்தாலியில் திராட்சை விளைந்தது. வடக்கே குளிர்ந்த நாடுகளில் பார்லி விளைந்தது. முளைகட்டிய பார்லியைச் சூட்டில் உலர்த்தினால் மால்ட் கிடைக்கும். நம் வீடுகளில் கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி, வறுத்துக் கஞ்சிமாவு அரைக்கிறோமே, ஏறக்குறைய அதே வேலைதான். அதை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, கசப்புக்காக ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவிடுவார்கள். இது சாராயம்போல் காய்ச்சி இறக்குவது அன்று. மடத்து உணவு மேசைக்கு வருவதும் பெரும்பாலும் மென்மையான வகையே. திருச்சபையின் பழைய இலத்தீன் சடங்கு நூலில் பீரை மந்திரிப்பதற்கென்றே ஒரு செபம் உண்டு என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

ஆயிரம் ஆண்டுகளாக அணையாமல் வந்த மரபு என்று விளம்பரங்கள் சொல்வது முழு உண்மையன்று. பிரெஞ்சுப் புரட்சியின்போது துறவியர் துரத்தப்பட்டனர், மடங்கள் இடிக்கப்பட்டன. இன்று நாம் காணும் மடங்கள் பலவும் அதன்பின் தோன்றியவை. வெஸ்ட்மாலே மடம் 1794-இல் தொடங்கியது. அங்கே முதல் பீர் மேசைக்கு வந்தது 1836-இல். வெஸ்ட்ஃப்ளெடரன் மடம் 1831-இல் உருவானது. சிமே மடம் 1850-இல் தொடங்கி, 1862-இல் பீர் ஆலை அமைத்தது.

ஓர்வால் மடத்தின் கதை இன்னும் சுவையானது. 1793-இல் பிரெஞ்சுப் படையால் அழிக்கப்பட்டு, நூறு ஆண்டுகளுக்கும் மேல் இடிபாடாகக் கிடந்த அம்மடத்தை 1926-இலிருந்து மீண்டும் எழுப்பினார்கள். கட்டடச் செலவுக்குப் பணம் வேண்டும் என்பதற்காகவே 1931-இல் அங்கே பீர் ஆலை தொடங்கினார்கள். அதன் முதல் தலைமைப் பணியாளர் பப்பன்ஹைமர் என்ற ஜெர்மானியர். உடன் இருந்த பெல்ஜியர்களோ இங்கிலாந்தில் தொழில் பழகியவர்கள். நொதித்த பீரில் உலர்ந்த ஹாப்ஸ் பூக்களை மீண்டும் ஊறவைக்கும் ஆங்கிலேயப் பழக்கத்தை அவர்கள் கொண்டுவந்தார்கள். மூன்று நாட்டார் கைவைத்த அந்த பீர்தான் இன்று பெல்ஜிய மரபின் அசல் அடையாளமாகப் போற்றப்படுகிறது.

வெஸ்ட்மாலேயின் பொன்னிற 'டிரிப்பெல்' பீர் வந்தது 1934-இல். 1842-இல் பில்சன் நகரில் பவேரியாவைச் சேர்ந்த யோசப் குரோல் உருவாக்கிய பொன்னிற பீர் ஐரோப்பாவின் நாக்கையே மாற்றியிருந்த காலம் அது. ஊர் மரபு என்று ஒரு பக்கமும் வெளிநாட்டுத் தாக்கம் என்று மறுபக்கமும் கோடு கிழித்துப் பிரிக்க நினைப்பவர்கள் இங்கே தடுமாறிப் போவார்கள். அப்படியானால் ஒரு பீரை ஒரு ஊருக்கு உரியது என்று சொல்லவைப்பது எது?

மடங்களை விட்டுச் சற்று வெளியே, பெல்ஜியத்தின் ஹூகார்டன் என்ற ஊருக்குப் போவோம். கோதுமை, கொத்தமல்லி விதை, காய்ந்த ஆரஞ்சுத் தோல் சேர்த்த வெண்ணிற பீருக்கு அவ்வூர் பெயர்பெற்றது. கொத்தமல்லியும் ஆரஞ்சுத் தோலும் அவ்வூர் வயலில் விளைந்தவை அல்ல, வணிகம் கொண்டுவந்தவை. 1950-களில் அவ்வூரின் கடைசி ஆலையும் மூடப்பட்டது. பால்காரராக இருந்த பியர் செலிஸ் 1966-இல் அதே பீரை மீண்டும் தயாரித்தார். 1985-இல் அவரது ஆலை தீப்பிடித்தது. மீட்சிக்குக் கைகொடுத்த பெரிய நிறுவனம் மெல்ல மெல்ல ஆலையையே எடுத்துக்கொண்டது. அந்நிறுவனம் 2004-இல் பிரேசில் நிறுவனத்தோடு இணைந்து இன்பெவ் ஆனது. அடுத்த ஆண்டே ஹூகார்டன் ஆலையை மூடி, தயாரிப்பை ஜுபீல் நகரின் பெரிய ஆலைக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். இடம் மாற்றியபின் பழைய சுவையைக் கொண்டுவருவதும் எளிதாக இல்லை. 2007-இல் அம்முடிவு கைவிடப்பட்டு, ஹூகார்டன் பீர் ஹூகார்டனிலேயே தங்கியது. கணக்கேட்டில் ஓர் ஆலை வெறும் எண்தான்; ஊருக்கு அது அப்படியல்ல.

தினான் நகருக்கு அருகிலுள்ள லெஃப் மடத்தின் கதை வேறுவிதமானது. 1152-இல் தோன்றிய அந்த மடம் டிராப்பிஸ்ட் மடமன்று. புனித நோர்பர்ட் சபையினருடையது. புரட்சிக்குப்பின் அங்கே பீர் தயாரிப்பு நின்றுபோனது. 1952-இல் மடத் தலைவர் வெளியாலை ஒன்றோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்: ஆலை பீரைத் தயாரிக்கும், மடத்தின் பெயரைப் பயன்படுத்தும், மடத்துக்கு அதற்கான தொகை கொடுக்கும். ஆலை கைமாறிக் கைமாறி, லெஃப் பீர் இன்று லூவன் நகரின் மாபெரும் ஆலையில், உலகின் மிகப்பெரிய பீர் நிறுவனத்தால் தயாரிக்கப்படுகிறது. புட்டியில் மடத்தின் படம் இருக்கும். இதில் ஏமாற்று ஏதும் இல்லை. மடமும் அந்த வருவாயால் பயன்பெறுகிறது. ஆனாலும் புட்டியைக் கையில் எடுப்பவர் அதன் பின்னால் ஒரு துறவியைக் கற்பனை செய்துகொள்கிறார். அந்தக் கற்பனைதான் அங்கே விற்கப்படுகிறது என்பது நம் கருத்து.

டிராப்பிஸ்ட் மடங்கள் இந்த ஆபத்தை முன்பே உணர்ந்திருந்தன. அவர்களது பெயரைப் பிறர் பயன்படுத்துவதை எதிர்த்து நடந்த வழக்கில் 1962-இல் கெண்ட் நகர வணிக நீதிமன்றம் மடங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1997-இல் எட்டு மடங்கள் சேர்ந்து பன்னாட்டு டிராப்பிஸ்ட் கழகத்தைத் தொடங்கின. ஆறு பெல்ஜியத்தைச் சேர்ந்தவை, மற்ற இரண்டில் ஒன்று நெதர்லாந்திலும் ஒன்று ஜெர்மனியிலும் இருந்தன. புட்டிமீது பதிக்கும் அறுகோண முத்திரைக்கு அவர்கள் வைத்த நிபந்தனைகளைக் கவனித்துப் பாருங்கள். பொருள் மடத்தின் சுவர்களுக்குள்ளோ அதன் அருகிலோ தயாராக வேண்டும். துறவியர் செய்ய வேண்டும், அல்லது அவர்கள் மேற்பார்வையில் நடக்க வேண்டும். மடத்து வாழ்வில் தொழில் இரண்டாம் இடத்தில்தான் இருக்க வேண்டும். வருவாய் துறவியரின் பிழைப்புக்கும் மடத்தின் பராமரிப்புக்கும் போக, மீதி பிறரன்புப் பணிகளுக்கே. சுவையைப் பற்றியோ, பழைய செய்முறையைப் பற்றியோ, உள்ளூர்ப் பார்லியைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. யார், எங்கே, எதற்காகச் செய்கிறார் என்பது மட்டுமே கேட்கப்படுகிறது. நாம் மேலே எழுப்பிய கேள்விக்கு அவர்கள் தந்த விடையாகவே இதைக் காண்கிறோம். இந்த முத்திரை வெறும் அலங்காரமும் அல்ல. நெதர்லாந்தின் கோனிங்ஸ்ஹூவன் மடம் பெரிய நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்தபோது, 1999-இல் முத்திரையை இழந்தது. ஏற்பாடுகளைத் திருத்திக்கொண்ட பிறகே 2005-இல் அதைத் திரும்பப் பெற்றது.

இதற்கிடையில் கடலுக்கு அப்பால் வேறொரு அலை எழுந்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை இருந்த மதுவிலக்கும், பின்வந்த பெரு நிறுவனங்களின் ஆதிக்கமும் சிறு ஆலைகளை ஏறக்குறைய துடைத்தெறிந்திருந்தன. நாடெங்கும் ஒரே மாதிரி வெளிறிய பீர். வீட்டிலேயே பீர் தயாரிக்க 1978-இல் சட்டம் வழிவிட்டதும் ஆர்வலர்கள் கிளம்பினார்கள். சிறு அளவில், கைப்பக்குவத்தோடு செய்யும் இதைத்தான் 'கிராஃப்ட் பீர்' என்கிறார்கள். 2020-களின் தொடக்கத்தில் அங்கே ஆலைகளின் எண்ணிக்கை 9 ஆயிரத்தைத் தாண்டியது. அவர்களுக்குப் பிடித்த வகைகளில் ஒன்றின் பெயரில் நம் நாடே இருக்கிறது: 'இந்தியா பேல் ஏல்'. கும்பினி ஆட்சிக் காலத்தில் இலண்டனிலிருந்து கல்கத்தாவுக்கும் சென்னப்பட்டணத்துக்கும் கப்பலேறிய, ஹாப்ஸ் மிகுந்த பீரின் வழிவந்தது அது.

இந்த ஆர்வலர்கள் பெல்ஜிய மடங்களின் பீரைத் தேடித் தேடிக் கற்றார்கள். புட்டியின் அடியில் தங்கும் ஈஸ்டை எடுத்து வளர்த்தாலே பாதி இரகசியம் கைக்கு வந்துவிடும். மடத்துப் பாணி பீரை இப்போது எந்த நாட்டிலும் செய்யலாம், செய்கிறார்கள். இதில் மடங்கள் பதறியதாகத் தெரியவில்லை. வெஸ்ட்ஃப்ளெடரன் துறவியரே தங்கள் ஈஸ்டை வெஸ்ட்மாலே மடத்திலிருந்துதான் வாங்கிவருகிறார்கள், நாம் பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதைப் போல.

மரபு கடல் கடந்து மற்ற மடங்களுக்கும் சென்றது. இங்கிலாந்தின் மவுண்ட் செயின்ட் பெர்னார்ட் மடத்தில் பால்பண்ணை கட்டுப்படியாகாமல் போனபோது, துறவியர் மாடுகளை விற்றுவிட்டு, பெல்ஜிய மடங்களிடம் ஆலோசனை பெற்று 2018-இல் பீர் வெளியிட்டார்கள். அதை பெல்ஜியப் பாணியில் செய்யாமல், ஆங்கிலேயக் கரும் பீராகவே செய்தார்கள். உரோமையில், புனித பவுல் மறைசாட்சியாக உயிர்நீத்த இடமென்று போற்றப்படும் த்ரே ஃபொந்தானே மடத்தினர் பீரில் யூகலிப்டஸ் சேர்த்தார்கள். 1868-இல் அங்கு வந்த டிராப்பிஸ்ட் துறவியர் மலேரியாவை ஒழிக்க நட்ட மரங்கள் அவை. நீலகிரித் தைல மரம் என்று நாம் சொந்தம் கொண்டாடும் அந்த மரம் உண்மையில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. உரோமைக்கும் அப்படித்தான் வந்தது.

எல்லா முயற்சியும் நிலைக்கவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பென்சர் ஊரிலுள்ள புனித யோசேப்பு மடம், அந்நாட்டின் முதல் டிராப்பிஸ்ட் பீரை 2014-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழப்பாகு செய்து பிழைத்துவந்த துறவியர் பெரும் முதலீட்டில் ஆலை கட்டினார்கள். ஆனால் அந்தச் சந்தை மாதந்தோறும் புதுமை கேட்கும் சந்தை. அதைத் துரத்திக்கொண்டு ஓடுவது தங்களால் இயலாது, இத்தொழில் தங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று கண்டு 2022-இல் ஆலையை மூடினார்கள். தோல்விதான், மறைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பெயரை ஒரு பெரிய நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டு வருவாய் பார்க்கும் வழியில் அவர்கள் போகவில்லை.

வெஸ்ட்ஃப்ளெடரன் மடம் 'போதும்' என்று சொன்னதும் 2005-இல் புதிதாகச் சொன்னதன்று. இரண்டாம் உலகப் போருக்குப்பின், ஆலை வேலை செப வாழ்வை விழுங்குகிறது என்று அன்றைய மடத் தலைவர் கருதினார். 1946-இல் வணிக உற்பத்தியை வாத்தூ என்ற அண்டை ஊர் ஆலை ஒன்றுக்கு உரிமம் கொடுத்து ஒப்படைத்தார். மடத்தில் கொஞ்சமாக மட்டும் தயாரித்தார்கள். அந்த உரிமம் 1992-இல் முடிவுக்கு வந்தது. இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து, ஆறு இலட்சம் லிட்டர்தான். சிமே மடத்தின் ஆலையோ ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி லிட்டருக்கும் மேல் தயாரித்து உலகெங்கும் அனுப்புகிறது. அம்மடமும் முத்திரைக்கு உரியதே. அதன் ஆலையால் பின்தங்கிய அந்த வட்டாரத்தில் பலருக்கு வேலை கிடைக்கிறது. ஆகவே 'போதும்' என்ற அளவு எல்லா மடத்துக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

2012-இல் மட்டும் வெஸ்ட்ஃப்ளெடரன் துறவியர் தங்கள் வழக்கத்தைத் தளர்த்தினார்கள். மடத்துக் கட்டடங்களைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டதால், ஆறு புட்டிகள் கொண்ட பெட்டிகளை ஒரே ஒருமுறை வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள். கட்டட வேலைக்கான தொகை சேர்ந்ததும் பழைய அளவுக்குத் திரும்பினார்கள். வாங்குபவர் தொலைபேசியில் முன்பதிவு செய்து, கார் எண்ணைச் சொல்லி, குறித்த நேரத்தில் வந்து வாங்கவேண்டும்; மறுவிற்பனை கூடாது என்பதே முறை. 2018-இல் ஒரு டச்சுப் பேரங்காடி அந்த பீரை எப்படியோ சேகரித்து, மடத்தில் 2 யூரோ அளவில் விற்ற புட்டியைச் சுமார் 10 யூரோவுக்கு விற்றது. துறவியர் வருந்தினார்கள். பணம் தங்களுக்கு வரவில்லையே என்ற வருத்தம் அன்று அது. எளியவரும் வாங்கும் விலையில் கொடுத்த பொருள் வேறொருவரின் இலாபப் பசிக்கு இரையானதே என்ற வருத்தம். அடுத்த ஆண்டு முன்பதிவை இணையத்துக்கு மாற்றினார்கள். விலையைச் சந்தை அளவுக்கு உயர்த்தியிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும் சிக்கல். ஆனால் 57-ஆம் பிரிவு அவர்கள் கண்முன் இருந்திருக்கும்.

யுனெஸ்கோ நிறுவனம் 2016-இல் பெல்ஜிய பீர்ப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அதனால் மட்டும் ஒரு மடம் பிழைத்துவிடாது என்பதற்கு ஆக்கல் மடம் சாட்சி. நெதர்லாந்து எல்லையை ஒட்டி 1846-இல் தொடங்கிய இல்லம் அது. முதல் உலகப் போரில் அதன் பீர் ஆலையை ஜெர்மானியர் செம்புக்காகப் பிரித்து எடுத்துச்சென்றார்கள். நீண்ட இடைவெளிக்குப்பின் 1998-இல் அங்கே மீண்டும் பீர் தயாரித்தார்கள். ஆனால் புதிய அழைத்தல்கள் வரவில்லை. 2021-இல் கடைசித் துறவியரும் முதுமை காரணமாக வெளியேறினார்கள். ஆலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதே கொப்பரை, அதே செய்முறை, அதே பணியாளர்கள். வெஸ்ட்மாலே மடம் பொறுப்பை ஏற்றிருந்தது. ஆனாலும் சுவர்களுக்குள் துறவியர் இல்லை என்பதால் புட்டியிலிருந்து அறுகோண முத்திரையை எடுத்துவிட்டார்கள். 2023-இல் ஆலையும் மடமும் தனியார் ஒருவருக்கு விற்கப்பட்டன. ஆக்கல் என்ற பெயரில் பீர் இன்றும் கிடைக்கிறது, ஆனால் அது டிராப்பிஸ்ட் பீர் அன்று.